கால்வாய் ஆய்வு: தனித்தனியே அளந்து கட்டுவதா, சேர்ந்தே அளப்பதா?

கொழும்பின் வெள்ளவத்தைக் கால்வாய் ஏன் நாறுகிறது, மழைக்கு ஏன் மேவிப் பாய்கிறது என்று ஆராய மூன்று வழிகள் உண்டு. பல்துறை ஆய்வில் வேதியியலாளர், பொறியியலாளர், சமூகவியலாளர் அவரவர் அறிக்கையை எழுதிக் கடைசியில் ஒன்றாகக் கட்டுவார்கள். துறையிடை ஆய்வில் கேள்வியையே சேர்ந்து அமைப்பார்கள். துறைகடந்த ஆய்வில் கரையில் குடியிருப்பவர்களும் அதே மேசையில் இருப்பார்கள்.

முதலாவது மலிவு, கூட்டமும் குறைவு, சச்சரவும் குறைவு. கோளாறு முடிவுரை எழுதும்போதுதான் வெளியே வரும். வேதியியலாளர் பிற்பகல் 2 மணிக்கு மாதிரி எடுத்திருப்பார். வெயிலில் பாசி ஒட்சிசனை விடும் நேரம் அது. ஒட்சிசன் அளவீடு நன்றாகவே இருக்கும். சமூகவியலாளரின் படிவத்திலோ "விடியப்புறம் மூக்கைப் பொத்த வேண்டியிருக்கு" என்று இருக்கும். இரண்டும் உண்மை. இரவில் பாசியும் ஒட்சிசனை எடுப்பதால், சூரியன் வருமுன்தான் நீரில் அதன் அளவு ஆகக் குறைகிறது; நாற்றமும் அப்போதுதான் கூடுகிறது.

சேர்ந்து திட்டமிட்டால் ஒரே இடத்தில் காலை 5.30க்கும் பிற்பகல் 2க்கும் மாதிரி எடுக்கலாம். கரைந்த ஒட்சிசனுக்கு 300 மி.லீ. போத்தலைக் குமிழி அடைபடாமல் நிரப்ப வேண்டும். உயிரியல் ஒட்சிசன் தேவைக்கான (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுக்கும் ஒட்சிசன்) மாதிரி ஐஸ் பெட்டியில் 24 மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடம் போய், 20 பாகை செல்சியசில் 5 நாள் இருட்டில் இருக்கும். முதல்நாள் மழை, கடல் வற்றா பெருக்கா, கடல்வாயில் மணல் மேடு கட்டியிருக்கிறதா என்பவற்றையும் அதே தாளில் குறியுங்கள்.

அடுத்த சிக்கல் எல்லை. கிராம சேவகர் பிரிவு நிர்வாகத்துக்குக் கீறிய கோடு. வடிகான் அதைப் பார்த்து ஓடுவதில்லை. ஆனால் குடிசனத் தரவு அந்தப் பிரிவுப்படியே கிடைக்கும். ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் பிரிவு, கழிவுநீர் கால்வாயில் விழும் இடம் இரண்டையும் பதிய வேண்டும்.

சொல்லும் காலை வாரும். 2010 நவம்பரில் கொழும்பு நகரத்தின் மேலேயே மழை கொட்டியது. 2016 மே மாதம் நகரை அடுத்த கொலன்னாவையை மூழ்கடித்தது களனி கங்கை. மக்களுக்கு இரண்டும் 'வெள்ளம்'தான். "வெள்ளம் வந்ததா?" என்று மட்டும் கேட்டால் இரண்டும் கலந்துவிடும். எந்தப் பக்கத்தால் ஏறியது, எத்தனை நாள் நின்றது என்று கேட்டு, களனி கங்கையை அளக்கும் நாகலகம் வீதி நீர்மட்டத்தோடு ஒப்பிடுங்கள். அங்கே 5 அடி சிறு வெள்ளம், 7 அடி பெருவெள்ளம்.

மூன்றாவது வழியின் பலம், எந்தக் குழாய் எந்நேரம் திறக்கிறது என்பது கரையிலுள்ளவர்களுக்குத்தான் தெரியும் என்பது. கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லைக் குப்பைமேடு 2017 சித்திரைப் புத்தாண்டன்று சரியுமுன்பே அயலவர்கள் ஆண்டுக்கணக்காகப் போராடினார்கள். பலவீனம் பயம்: கழிவறைக் குழாய் கால்வாய்க்குள் போகிறதென்று வீட்டிலக்கம் பதியும் படிவத்தில் எவர் எழுதுவார்? அறிக்கையில் வீட்டைக் காட்டாமல் கால்வாய்த் துண்டை மட்டும் காட்ட வேண்டும். படிவம் தமிழிலும் சிங்களத்திலும் வேண்டும். வரவுப் பதிவுக்காக மட்டும் கூப்பிட்டால் இரண்டாம் முறை வரமாட்டார்கள்.

ஒரு அரையாண்டு மாணவர் ஆய்வுக்கு இரண்டாவது வழியே சரி; மாதிரி இடங்களை முடிவுசெய்யுமுன் மட்டும் கரையாரோடு ஒரு மாலை வரைபடத்தை விரித்து உட்காருங்கள். முதல் வழிதான் கைக்கு எட்டுமென்றால், இடமும் நேரமும் எழுதிய ஒரே தாளில் மூவரும் கையெழுத்திட்ட பிறகு போத்தலைத் தூக்குங்கள்.