பாவ்மாவா, லெய்க்கசாசியா?

சீனத்தில் எழுத்தைக் கூட்டி ஒலியை மட்டும் எழுத முடியாது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பொருள் உண்டு. அதனால் அங்கே போகும் வெளிநாட்டுக் கார் நிறுவனத்துக்கு இரண்டு வழி: பொருள் தரும் பெயரைத் தேடுவது, அல்லது எழுத்துகளின் பொருளைக் கண்டுகொள்ளாமல் ஒலியை மட்டும் பிடித்துக்கொள்வது.

முதல் வழிக்கு பிஎம்டபிள்யூவின் 'பாவ்மா'தான் எனக்குப் பிடித்த உதாரணம். 'பாவ்' என்றால் அரிய செல்வம், 'மா' என்றால் குதிரை. உயர்சாதிக் குதிரையைக் குறிக்கப் பழங்கவிதைகளிலேயே புழங்கிய சொல் இது. பி, எம் ஒலிகளும் அதில் இருக்கின்றன. காருக்கு இதைவிட என்ன வேண்டும்? பென்ஸின் 'பென்ச்சி'யும் இதே ரகம்: பாய்ந்தோடுவது என்று பொருள். ஃபோக்ஸ்வேகன் ஒலியை விட்டுவிட்டு, தன் ஜெர்மன் பெயரில் உள்ள 'மக்கள்' என்ற பொருளை மட்டும் எடுத்து 'தாட்சோங்' ஆனது.

இரண்டாவது வழிக்கு லெக்ஸஸ். முன்பு அதற்கு 'லிங்ச்சி' என்று பெயர். உயர எழும் இலட்சியம் என்ற பொருள் தொனிக்கும், சொல்லவும் எளிது. 2004-ல் அதைக் கைவிட்டு 'லெய்க்கசாசி' என்று மாற்றினார்கள். நான்கு எழுத்துகள், சேர்த்துப் படித்தால் பொருளே இல்லை. சரி, உலகம் முழுக்க ஒரே பெயராக ஒலிக்கும் என்ற லாபம் இருக்கிறது. ஆனால் அதற்காக இவ்வளவு அழகான பெயரை விட்டிருக்க வேண்டாம். என் ஓட்டு பாவ்மாவுக்கே.