அல்சூர் பொங்கல் மேடைக்கு எந்தப் பாட்டு?

பெங்களூர் அல்சூரில் எங்கள் குடியிருப்புப் பொங்கல் விழாவுக்கு நம்மூர் இசையும் மேற்கத்திய இசையும் கலந்த ஒரு பாட்டு வேண்டும். போட்டியில் இரண்டு: 1996-இல் ஹரிஹரனும் லெஸ்லி லூயிஸும் 'கலோனியல் கசின்ஸ்' என்ற பெயரில் தந்த 'கிருஷ்ணா', 2021-இல் தீயும் அறிவும் பாடிய 'என்ஜாய் எஞ்சாமி'.

முதலாவது கிடார் பிடிப்பவர்களுக்கு அல்வா. வியாசராயரின் கன்னடக் கீர்த்தனை, யமுனா கல்யாணி ராகம், நடுவே ஆங்கில வரிகள். பெங்களூரில் பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர்களும் கூடவே பாடுவார்கள். சிக்கல் ஹரிஹரன்தான். 'பாரோ' (கன்னடத்தில் 'வா') என்று அவர் குரல் வழுக்கிக்கொண்டு இறங்கும் இடத்தைக் கஜல் பழக்கமில்லாதவர் தொட்டால் பல்லிளித்துவிடும்.

எஞ்சாமியில் அந்தப் பயம் இல்லை. ராப் பகுதியைப் பிள்ளைகள் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். சந்தோஷ் நாராயணன் இசை, ஒப்பாரிச் சாயல், பின்னால் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அறிவின் பாட்டியின் கதை. சொல் புரியாதவருக்கும் கால் ஆடும். ஒப்பாரி வரும்போது பந்திக்கு எழுந்து போவோர் இருப்பார்கள், அவர்களை விடுங்கள்.

என் ஓட்டு எஞ்சாமிக்கு. கமகம், அதாவது சுரத்தை அசைத்து வளைத்துப் பாடும் அந்த நெளிவு, பிடிக்கத் தெரிந்தவர் யாராவது கிடைத்தால், சரி, கிருஷ்ணா.