கோவளமா, புதுச்சேரியா? கிருஷ்ணகிரிக்காரரின் அலையும் சாப்பாடும்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிருஷ்ணகிரியில் வண்டியை எடுத்தால், ஊரைத் தாண்டுவதற்குள் முடிவு சொல்லியாக வேண்டும். பர்கூர் பக்கம் போனால் சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளம். மத்தூர் பக்கம் போனால் புதுச்சேரி. நான்கு வருடமாக இந்த இரண்டு சாலையிலும் மாறி மாறிப் போய் வருகிறேன். அலைச்சறுக்குப் (சர்ஃபிங்) போட்டிக்குப் போகிற ஆள் இல்லை நான். காலையில் இரண்டு மணி நேரம் அலையில் பலகை ஏற வேண்டும், அப்புறம் கரையோரம் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் எந்த ஊர் என்று சொல்ல முடியும்.

முதலில் சாலை. புதுச்சேரிக்கு ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழியாகச் சுமார் 210 கிலோமீட்டர். தருமபுரிக்காரர்கள் அரூர் வழியாகத் திருவண்ணாமலையில் வந்து சேர்ந்துகொள்ளலாம். கோவளத்துக்கு வேலூர், காஞ்சிபுரம் தாண்டி வண்டலூர், கேளம்பாக்கம் வழி. இன்னும் ஐம்பது அறுபது கிலோமீட்டர் கூடும். ஆனால் அது நெடுக நான்குவழி, ஆறுவழிச் சாலை, அதனால் நேரத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஸ்ரீபெரும்புதூருக்கு அப்புறம் வரும் நெரிசல்தான் ஆளைச் சோர வைக்கும். திரும்பும்போது மதியம் ஆம்பூரில் சீரகச் சம்பா பிரியாணி வழியிலேயே கிடைக்கிறது என்பதைக் கோவளத்தின் கணக்கில்தான் வைக்க வேண்டும்.

இனி அலை. நம் கிழக்குக் கரையில் மே முதல் செப்டம்பர் வரை, இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எழுந்த அலைகள் பல நாள் ஓடி வந்து சேர்கின்றன. விடியற்காலையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். அது எதிரே நின்று தாங்குவதால் அலை உடனே நொறுங்காமல் சுவர்போல நிமிரும். வெயில் ஏறிக் கடற்காற்று கிளம்பியதும் தண்ணீர் கலைந்துவிடும். ஆகவே ஐந்தரைக்கு எழுந்து ஆறு மணிக்குத் தண்ணீரில் இருக்க வேண்டும், அதுவும் வெறும் வயிற்றோடு. பலகையில் குப்புறப் படுத்து இரண்டு கையாலும் துடுப்புபோலத் தண்ணீரை வலிப்பதால், சாப்பிட்டுவிட்டு இறங்கினால் எல்லாம் நெஞ்சுக்கு ஏறும். ஒன்பது மணிக்குக் கரையேறும்போது எடுக்கும் பசி சாதாரணப் பசி அல்ல. அந்தப் பசிக்கு எந்த ஊரில் என்ன கிடைக்கிறது என்பதில்தான் என் ஒப்பீட்டில் பாதி இருக்கிறது.

கோவளத்தில் கற்றுக்கொடுப்பவர்களில் பெரும்பாலோர் அந்தக் குப்பத்துப் பிள்ளைகள். மீனவரான மூர்த்தி மேகவன் முன்னின்று உருவாக்கிய கோவ்லாங் பாயின்ட் பள்ளியால் ஊரே அலைச்சறுக்குக்குப் பேர் பெற்றது. 2013இல் இங்கே அலைத் திருவிழாவும் தொடங்கியது. 2021இல் கடற்கரைக்கு, சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கரைகளுக்குத் தரும் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. ஆனால் முதல் தடவை போகிறவருக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், பக்கத்தில் நிற்கும் பையன் சிறு வயதிலிருந்து அந்தத் தண்ணீரைப் பார்த்து வளர்ந்தவன் என்பதுதான். எனக்கு வாய்த்த பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. நுரைப்பலகையில் என்னைப் படுக்க வைத்து, பின்னால் வரும் அலையைப் பார்த்துக்கொண்டே, "இப்ப வலிங்கண்ணா... வலிங்க... எழுந்திருங்க! கால பாக்காதீங்க, கரைய பாருங்க" என்றான். பதினோராவது தடவை கரையைப் பார்த்தேன். நின்றேன். நான்கைந்து நொடி இருக்கலாம். கே.ஆர்.பி. அணைத் தண்ணீரில் நீந்தக் கற்றுக்கொண்டவனுக்கு, தண்ணீர் தன்னைத் தூக்கிக்கொண்டு ஓடுவது அன்றைக்குத்தான் தெரிந்தது.

புதுச்சேரி என்று நாம் சொன்னாலும், அலைச்சறுக்கு நடக்கும் செரினிட்டி கடற்கரை கோட்டக்குப்பம் பக்கம், தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கிறது. திண்டிவனம் சாலையிலிருந்து ஆரோவில் வழியாகக் குறுக்கே இறங்கினால் நகர நெரிசலுக்குள் போகாமலே சேர்ந்துவிடலாம். ஆரோவில்லில் வளர்ந்த சகோதரர்கள் தொடங்கிய கல்லியாலே பள்ளி இங்கே பழையது. அலையும் நன்றாகவே வருகிறது. ஆனால் கரையைப் பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். புதுச்சேரித் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை மறித்துவிட்டதால், வடக்கே உள்ள குப்பங்களின் கரை பல வருடமாக அரித்துப்போனது. அதைத் தடுக்கப் பாறைகளைக் கொட்டிக் கடலுக்குள் நீட்டியிருக்கிறார்கள். அந்தப் பாறை வரிசையை ஒட்டி, தண்ணீர் கரையிலிருந்து வெளியே இழுக்கும். ஒரு தடவை நான் வாடகைக்கு எடுத்த பலகையைக் காலோடு கட்டும் கயிற்றில் ஒட்டுப்பட்டை (வெல்க்ரோ) தேய்ந்திருந்தது; கவனிக்காமல் கட்டிக்கொண்டேன். அலை புரட்டியதும் கயிறு அவிழ்ந்து பலகை பாறைக்குப் போனது, அதைப் பிடிக்கப் போன என் முழங்கால் கிழிந்தது. அன்றிலிருந்து எந்த ஊராக இருந்தாலும் பட்டையை மூன்று தடவை இழுத்துப் பார்க்காமல் தண்ணீரில் கால் வைப்பதில்லை. நீங்களும் பாருங்கள்.

ஆக, நிற்கப் பழகும் வரை கோவளம். என் வீட்டுப் பிள்ளைகளை நான் அங்கேதான் கூட்டிப்போவேன், அதுவும் அலை தணிந்திருக்கும் ஜனவரி முதல் மார்ச்சுக்குள்.

மாமல்லபுரத்தை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்கலாம். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி அங்கேதான் நடந்தது. இந்திய வீரர் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கியதும் அங்கேதான். பழகியவர்களுக்கு அருமையான அலை. ஆனால் வார இறுதிக் கூட்டமும், சுற்றுலாப் பயணிகளுக்கென்று போட்ட சாப்பாட்டு விலையும் எனக்கு ஒத்துவரவில்லை. ஓசூர் நண்பர்கள் மங்களூரு தாண்டி முல்கிக்குப் போகிறார்கள். அங்கே ரவை தடவி வறுத்த கிழங்கான் மீனும் நீர்தோசையும் உண்மையிலேயே பிரமாதம். ஆனால் 400 கிலோமீட்டருக்கு மேல். ஒரு சனி ஞாயிறுக்குள் அடங்காது. தென்மேற்குப் பருவமழை மாதங்களில் அந்தக் கடலில் நம்மைப் போன்றவர்கள் இறங்கவும் முடியாது.

சாப்பாட்டுக்கு வருவோம். கோவளத்தில் காலைப் பசிக்குச் சின்னக் கடை இட்லி, பூரிதான். நிஜச் சாப்பாடு மதியம் வரும். கடற்கரைக்குப் போகும் வழியில் தட்டில் மசாலா தடவிய சங்கராவும் நெத்திலியும் அடுக்கி வைத்திருப்பார்கள். நான் போகும் கடை அக்கா, இரும்புக் கல்லின் ஓரத்தில் மீனை ஒதுக்கி வைத்துவிட்டு, நடுவில் தேங்கிய எண்ணெயில் கறிவேப்பிலையை ஒரு கை போட்டு, அது பொரிந்ததும் மீனை அதன்மேல் திருப்பிப் போடுவார். இலை மீனோடு ஒட்டிக்கொண்டே தட்டுக்கு வரும். தொட்டால் விரலைச் சுடும். சோறு, குழம்பு, நெத்திலி, அவ்வளவுதான். அதற்குமேல் கேட்கவும் தோன்றாது.

புதுச்சேரியில் ஒன்பது மணிப் பசிக்கே பதில் இருக்கிறது. செரினிட்டியிலிருந்து நகரத்துக்கு ஆறேழு கிலோமீட்டர்தான். அப்போதுதான் சுட்ட நீள ரொட்டி, முட்டை, காபி. அல்லது பொங்கல், வடை. வீட்டில் ஒருவர் மீன் சாப்பிடாவிட்டாலும் திண்டாட வேண்டியதில்லை. மதியம் மீன் சாப்பாட்டில்தான் அந்த ஊரின் கை தெரியும். வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து சேர்த்து உருட்டிக் காயவைத்த வடகத்தை எண்ணெயில் தாளித்து மீன் குழம்பில் கொட்டுகிறார்கள். மூடியைத் திறந்ததும் அந்த மணம் முதலில் வரும், புளி அதன் பின்னால்தான் வரும். நம் ஊரில் பச்சை மாங்காய் போட்டு அணை மீன் குழம்பு வைத்துக் களிக்கு ஊற்றிச் சாப்பிட்ட நாக்குக்கு, இது வேறு பழக்கம். ஆனால் இரண்டாவது கரண்டியில் பிடித்துவிடும். நான் ஒவ்வொரு தடவையும் கால் கிலோ வடகம் வாங்கிவந்து இங்கே கட்லா மீனுக்குப் போடுகிறேன்.

சாப்பாட்டில் ஒன்றில் மட்டும் கோவளம் முந்துகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, வஞ்சிரம் விலை ஏறிவிடும், பல கடைகளில் பெட்டியில் வைத்த பழைய மீன்தான் வரும். கோவளம் சின்னப் படகுக்காரர்கள் ஊர். அவர்களுக்குத் தடை இல்லாததால், கொஞ்சமாக வந்தாலும் அன்றைக்குப் பிடித்த மீன் கிடைக்கும். அந்த இரண்டு மாதமும் நான் மத்தூர் பக்கம் திரும்புவதே இல்லை.

தடை முடிந்து முதல் வாரம் படகுகள் வந்து சேரவே சரியாகிவிடும். அதற்கடுத்த சனிக்கிழமை, ஜூன் கடைசியில், தெற்கு அலையும் இருக்கும், மீனும் நிறைந்து வரும். இந்த வருடம் அந்தச் சனிக்கிழமைக்குக் கோட்டக்குப்பத்தில் அறை சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கெல்லாம் கிளம்பினால் செங்கத்தில் டீ குடித்துவிட்டு, இருட்டி வெகுநேரம் ஆவதற்குள் போய்ப் படுத்துவிடலாம்.