லாட்ஜ் ரூமுக்கு எந்த மினி ஃபிரிட்ஜ்? கம்ப்ரசர், அப்சார்ப்ஷன், பெல்டியர் மூன்றையும் மே மாதத்தில் ஓட்டிப் பார்த்தது

திருவண்ணாமலையில் 12 ரூம் உள்ள சின்ன லாட்ஜ் எங்களுடையது. பௌர்ணமிக்கு வருகிறவர்கள் ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போய்விடுவார்கள். ஆசிரமத்துக்கு வருகிறவர்கள் வாரக்கணக்கில் இருப்பார்கள். அவர்களில் இன்சுலின் கொண்டுவருகிற பெரியவர்கள் நிறைய. "இதைக் கொஞ்சம் உங்க ஃபிரிட்ஜ்ல வைங்க தம்பி" என்று ரிசப்ஷனுக்கு வருகிற டப்பாக்கள் பெருகியதும்தான் ரூமுக்கு ஒரு மினி ஃபிரிட்ஜ் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தோம். மொத்தமாக வாங்குவதற்கு முன் மூன்று வகையிலும் ஒவ்வொன்று வாங்கி ஓட்டிப் பார்த்தேன். கடைசியில் 12 ரூமுக்கும் கம்ப்ரசர்தான் போட்டேன். ஆகவே இது நடுநிலையான அலசல் இல்லை.

விலையையும் கொள்ளளவையும் சட்டென்று முடித்துவிடலாம். எல்லாமே 40, 50 லிட்டருக்குள்தான். எனக்குக் கிடைத்த விலையில் பெல்டியர் மலிவு, கம்ப்ரசர் நடுவில், அப்சார்ப்ஷன் அதிகம். பார்வைக்கு அழகு அப்சார்ப்ஷன்தான். கண்ணாடிக் கதவு, உள்ளே நீல விளக்கு. பெரிய ஹோட்டல்களில் பார்த்திருப்பீர்கள்.

அங்கே அதை வைப்பதற்கு முக்கியக் காரணம், சத்தமே கிடையாது. உள்ளே அசைகிற பாகம் ஒன்றுகூட இல்லை. அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றும் சீல் வைத்த குழாய்க்குள் இருக்கின்றன. கீழே ஒரு சின்ன ஹீட்டர் தண்ணீரிலிருந்து அம்மோனியாவைக் கொதிக்கவைத்துப் பிரிக்கிறது. அது மேலே போய்க் குளிர்ந்து திரவமாகி, ஹைட்ரஜன் இருக்கிற இடத்தில் மறுபடி ஆவியாகும்போது பெட்டிக்குள் இருக்கிற சூட்டை இழுத்துக்கொள்கிறது. பிறகு தண்ணீரில் கரைந்து திரும்பவும் ஹீட்டருக்கே வந்து சேர்கிறது. 1922-ல் ஸ்டாக்ஹோமில் பிளாட்டன், மன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் செய்த வேலை இது. சூட்டைக் கொடுத்துக் குளிரை வாங்குகிற இந்த யோசனை எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். ஆனால் கரண்ட் பில் கட்டுகிறவனுக்கு ஆச்சரியம் போதாது.

பெல்டியர் இன்னும் எளிது. இரண்டு பீங்கான் தகடுகளுக்கு நடுவே குறைகடத்தித் துண்டுகள். மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். சுடுகிற பக்கத்துக்கு ஒரு ஃபேன். கம்ப்ரசர் பற்றிச் சொல்லத் தேவையில்லை, வீட்டு ஃபிரிட்ஜின் குட்டி. இப்போது வருகிறவற்றில் பெரும்பாலும் ஆர்600ஏ கேஸ், அதாவது ஐசோபியூட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரில் முடிவைத் தீர்மானிப்பது ஒன்றே ஒன்று: ஏசி ஓடாத ரூமில், மே மாதத்து மத்தியானத்தில் இது என்ன செய்யும்? ஷோரூமில் ஃபிரிட்ஜைத் திறந்து கையை விட்டுப் பார்த்தால் மூன்றுமே ஜில்லென்றுதான் இருக்கும். அங்கே ஏசி ஓடுகிறது. விளம்பரத் தாளில் உள்ள அளவுகளும் பெரும்பாலும் 25 டிகிரி அறையில் எடுத்தவை. அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். ஃபிரிட்ஜுக்குள் பக்கவாட்டில் ஒட்டிய ஸ்டிக்கரில் 'கிளைமேட் கிளாஸ்' என்று ஒரு வரி இருக்கும். எஸ்என், என் என்றால் ரூம் சூடு 32 டிகிரி வரைக்கும் தாங்கும். எஸ்டி என்றால் 38. டி என்றால் 43. நான் வாங்கிய அப்சார்ப்ஷனில் 'என்' என்று இருந்தது. எங்கள் ஊரில் அந்த ஓர் எழுத்திலேயே பாதிக் கதை முடிந்துவிடுகிறது.

லாட்ஜ் ரூமின் நிலைமை வீட்டைவிட மோசம். விருந்தினர் கீ கார்டை உருவிக்கொண்டு கிரிவலம் கிளம்பினால் ஏசி நின்றுவிடும். ஜன்னல் மூடியிருக்கும். மேற்குப் பார்த்த ரூம் சாயங்காலத்துக்குள் 38 டிகிரிக்கு ஏறிவிடும். ஃபிரிட்ஜ் இருப்பதோ டிவி மேஜைக்குக் கீழே மரக் கேபினட்டுக்குள். அங்கே இன்னும் இரண்டு மூன்று டிகிரி கூடுதல். மூன்றையும் இதே மேற்கு ரூமில், அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் நான்கு வைத்து, ஒரு தெர்மாமீட்டரும் பிளக்கில் மாட்டுகிற மீட்டரும் போட்டுப் பார்த்தேன்.

பெல்டியர் 19, 20 டிகிரியில் நின்றுவிட்டது. அதைக் குறை சொல்ல முடியாது. சுற்றுப்புறத்தைவிட 15 முதல் 20 டிகிரி குறைக்கும் என்றுதான் அட்டையிலேயே இருக்கிறது. சுற்றுப்புறமே 38 என்றால் கணக்கு அங்கேதான் போய் நிற்கும். கரண்ட் போனால் இன்னொரு தொல்லை: குளிர் பக்கத்தையும் சூட்டுப் பக்கத்தையும் சேர்ப்பது அந்த மெல்லிய தகடுதான் என்பதால், வெளிச்சூடு அது வழியாகவே உள்ளே வந்துவிடும். பழங்கூழ் பாக்கெட்டுக்குப் பரவாயில்லை. இன்சுலினுக்கு ஆகவே ஆகாது.

அப்சார்ப்ஷன் ராத்திரி ஏசி ஓடும்போது 7 டிகிரிக்கு வந்தது. பகலில் 15-க்கு ஏறிவிட்டது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். அம்மோனியா தண்ணீரில் நன்றாகக் கரைய வேண்டுமென்றால் அந்தத் தண்ணீர் ஓரளவாவது ஆறியிருக்க வேண்டும். பின்பக்கக் குழாயைச் சுற்றி 40 டிகிரிக் காற்று நின்றால் அது ஆறாது. கரைவது குறையும், குளிரும் குறையும். தெர்மோஸ்டாட் இன்னும் குளிர் வேண்டுமென்று கேட்டுக்கொண்டே இருப்பதால் 65 வாட் ஹீட்டர் நிற்காமல் எரியும். ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட் காட்டியது மீட்டர். அந்தச் சூடு முழுக்க ரூமுக்குள்தான் விழுகிறது. அதையும் நம் ஏசிதான் வெளியே தள்ள வேண்டும்.

அதே இடத்தில் கம்ப்ரசர் 5, 6 டிகிரியில் நின்றது. ஒரு நாளைக்கு அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. கரண்ட் போய் வந்தால் வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரிந்தது: சூடேறிய பாட்டில்களைக் கம்ப்ரசர் மூன்று, மூன்றரை மணி நேரத்தில் 10 டிகிரிக்குக் கீழே கொண்டுவந்தது. அப்சார்ப்ஷனுக்கு ஒரு முழு ராத்திரி வேண்டியிருந்தது, அதுவும் ஏசி துணையோடு. குளிர்காலத்தில் இடைவெளி குறையும் என்பதால் சராசரியாக ஒரு ஃபிரிட்ஜுக்கு நாளொன்றுக்கு முக்கால் யூனிட் வித்தியாசம் என்று வையுங்கள். 12 ரூமுக்கு வருஷம் 3,285 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்று போட்டாலே 32,850 ரூபாய்.

ரிப்பேரிலும் இதே பக்கம்தான் சாய்கிறது. கம்ப்ரசரில் ரிலே போனால் தெருமுனை மெக்கானிக் அரை மணி நேரத்தில் மாற்றிவிடுவார். கேஸ் சார்ஜ் பண்ணும்போது மட்டும் பக்கத்தில் நில்லுங்கள். ஆர்600ஏ தீப்பற்றக்கூடியது, இந்தக் குட்டி ஃபிரிட்ஜுக்குச் சில பத்து கிராம்தான் போகும். எடை போட்டு ஏற்றுகிறவரா, கை அளவில் ஏற்றுகிறவரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்சார்ப்ஷனில் குழாய் கசிந்தால் பின்பக்கம் மஞ்சள் பொடி படியும். துரு பிடிக்காமல் இருக்க உள்ளே போட்ட குரோமேட் உப்பு அது. வெறும் கையால் துடைக்க வேண்டாம். அந்த நிலையில் யூனிட்டையே மாற்ற வேண்டியதுதான், யாரும் கை வைக்க மாட்டார்கள். தரை கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் அது மக்கர் பண்ணும். உள்ளே திரவம் ஓடுவது முழுக்கப் புவியீர்ப்பில்தான். ரசமட்டம் வைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

கம்ப்ரசரிலும் குறை இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு 'டக்' என்று ஆன் ஆவது லேசான தூக்கக்காரர்களை எழுப்பிவிடும். கட்டில் தலைமாட்டிலிருந்து தள்ளி, காலுக்கு ரப்பர் வைத்து, கேபினட் பலகையில் உரசாமல் நிறுத்தியபின் புகார் குறைந்தது, முழுக்க நிற்கவில்லை. வோல்டேஜ் இறங்கினால் திணறும். அப்சார்ப்ஷன் அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. இன்னொன்று, பின்சுவரில் ஐஸ் கட்டும். இன்சுலின் உறைந்தால் வீண். அதனால் கதவுத் தட்டில் வையுங்கள் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டியிருக்கிறோம். எத்தனை வருஷம் உழைக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள், எங்களுடையவை இன்னும் புதுசு.

தண்ணீர் மட்டும் ஜில்லென்று இருந்தால் போதும் என்றால், சொன்னால் சிரிப்பீர்கள், மண்பானை பெல்டியரோடு போட்டி போடுகிறது. வறண்ட மத்தியானத்தில் வராந்தாவில் 40 டிகிரி இருக்கும்போது பானைத் தண்ணீர் 28-க்குப் பக்கத்தில் இருந்தது. கரண்ட் செலவு கிடையாது. ஆனால் இது உள்மாவட்டத்து வசதி. கடற்கரை ஊர்களில் காற்றே ஈரமாக இருப்பதால் பானை இந்த அளவுக்குக் குளிராது.

கொடைக்கானலில் லாட்ஜ் வைத்திருக்கும் நண்பர் அப்சார்ப்ஷன்தான் போட்டிருக்கிறார், சந்தோஷமாகவும் இருக்கிறார். அங்கே கோடையிலேயே ரூம் 25 டிகிரியைத் தாண்டுவது அபூர்வம். சத்தமில்லாத பெட்டிக்குக் கொஞ்சம் கூடுதல் பில் கட்டலாம். ஊட்டி, ஏற்காட்டுக்காரர்களுக்கும் நான் அதையேதான் சொல்வேன். வேலூர், திருச்சி, மதுரை என்றால் ஸ்டிக்கரில் 'டி' என்று பார்த்துக் கம்ப்ரசர் வாங்குங்கள்.

எதை வாங்கினாலும் எலக்ட்ரீஷியனிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: ஃபிரிட்ஜ் பிளக் கீ கார்டு லைனில் வரக்கூடாது, தனி லைன் இழுக்க வேண்டும். கேபினட்டின் பின்பலகையில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று கை நுழைகிற அளவுக்கு இரண்டு ஓட்டையும் போடச் சொல்லுங்கள்.