யானை இறுதியாட்டமா, இறுதியாட்டப் புதிரா?

மும்பை மாதுங்காவில் பிள்ளைகளைச் செஸ் வகுப்புக்கு அனுப்பும் நம்மவர்கள் பலருக்கு இந்தக் குழப்பம் உண்டு. பள்ளி முடிந்து கிடைக்கும் அரை மணி நேரத்தில் எதைப் பழகுவது? ஆட்டத்தின் கடைசியில் காய்கள் குறைந்து யானைகள் மோதும் நிலைகளையா, அந்தக் கடைசிக் கட்டத்தை வைத்து ஒருவர் அமைத்த புதிர்களையா?

செலவு: இரண்டுக்கும் ஒரு பலகை போதும்.

போட்டியில் பயன்: யானை நிலைகளுக்கு ஈடே இல்லை. பிலிடோர் நிலையைப் பாருங்கள். எதிரிக்கு யானையும் சிப்பாயும், நமக்கு யானை மட்டும். நம் ராஜா சிப்பாய்க்கு எதிரே நிற்கிறது. நம் பக்கத்து மூன்றாம் வரிசையில் யானையை நிறுத்தினால் எதிர் ராஜா உள்ளே நுழைய முடியாது. சிப்பாய் அந்த வரிசைக்கு வந்ததும் யானையை மறுகோடிக்குக் கொண்டுபோய்ப் பின்னாலிருந்து செக் கொடுத்துக்கொண்டே இருக்கலாம். ஆட்டம் டிரா.

கணக்கிடும் திறன்: இதில் புதிர்தான். செஸ் வீரர் ரிச்சர்ட் ரெட்டியின் 1921 புதிரில் வெள்ளை ராஜா எச்8 (எழுத்து நெடுவரிசை, எண் குறுக்கு வரிசை), சிப்பாய் சி6. கறுப்பு ராஜா ஏ6, சிப்பாய் எச்5. வெள்ளை நகர்த்த வேண்டும். கறுப்புச் சிப்பாயைப் பிடிக்கவே முடியாது என்று தோன்றும். ஆனால் ஜி7, எஃப்6 என்று ராஜா குறுக்காக இறங்கினால், எதிர்ச் சிப்பாயைத் துரத்திக்கொண்டே தன் சிப்பாயையும் நெருங்குகிறது. அதுவும் டிரா! என்ன அழகு! இதை அமைத்த ரெட்டி, 1924இல் நியூயார்க்கில் அப்போதைய உலக சாம்பியன் கபாப்ளாங்காவையே வென்றவர்.

சலிப்பு: யானை நிலைகள் சிறுசுகளுக்குச் சீக்கிரம் போரடிக்கும்.

சரி, யாருக்கு எது? ரேட்டிங் போட்டி ஆடும் பிள்ளைக்கு முதலில் யானைதான். பிலிடோரும், யானையும் சிப்பாயும் உள்ளவர் வெல்லும் லுசீனா நிலையும் தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். ஆர்வம் குறைந்த பிள்ளையிடம் அந்த ரெட்டி புதிரை அடுக்கி வைத்துவிட்டு, விடை சொல்லாமல் நகர்ந்துவிடுங்கள்.