ஸ்கேனுக்கு முன் பாலிசியா, ஸ்கேனுக்குப் பின் பாலிசியா?

பரம்பரை நோய் உள்ள குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு ஆயுள் காப்பீடு எடுக்கும்போது மற்றவர்களுக்கு இல்லாத ஒரு கேள்வி வந்து நிற்கிறது. முதலில் பரிசோதனை செய்துகொள்வதா, முதலில் பாலிசி எடுப்பதா? எங்கள் வீட்டில் இரண்டும் நடந்தன. நான் பாலிசியை முதலில் எடுத்தேன். தம்பி ஸ்கேனை முதலில் எடுத்தான். முடியுமானால் பாலிசியை முதலில் எடுங்கள், ஆனால் குடும்ப நோயை ஒளிக்காமல் எடுங்கள் என்பதுதான் என் கட்சி.

அப்பாவுக்கு இருந்தது சிறுநீரகங்களில் நீர்க்கட்டிகள் வளரும் பரம்பரை நோய். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. கட்டிகள் ஆண்டுக்கணக்கில் மெதுவாகப் பெருகும், இரத்த அழுத்தம் முன்னதாகவே ஏறும், பலருக்கு ஐம்பது அறுபது வயதில் டயாலிசிஸ் வரை போகும். சாதாரண வயிற்று ஸ்கேனிலேயே தெரிந்துவிடும். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு எடுக்கும் ஸ்கேனில் கட்டியே இல்லை என்றால் ஏறக்குறைய தப்பித்தாயிற்று. அப்பா 57 வயதில் போய்ச் சேர்ந்தார்.

எந்த வகைப் பாலிசி என்பதில் நான் அதிக நேரம் செலவிடவில்லை. மதுரை கீழமாசி வீதியில் கடை வைத்திருக்கிறேன். வங்கிக் கடன் இருக்கிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள். எனக்கு வேண்டியது பெரிய தொகைக்கான பாதுகாப்பு. முப்பத்தாறு வயதில், குறித்த காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தரும் டேர்ம் பாலிசிக்கு, ஒரு கோடி ரூபாய்க்கு ஆண்டுக்குச் சுமார் 18 ஆயிரம் என்றார்கள். அதே பணத்தை இருபதாண்டு எண்டோமென்ட் பாலிசியில் போட்டால் காப்பீட்டுத் தொகை நான்கு லட்சத்தைத் தொடாது. முதிர்வில் பணம் திரும்ப வரும் என்பது உண்மைதான். ஆனால் நான் நடுவில் போய்விட்டால் நான்கு லட்சத்தில் என் வீடு எத்தனை நாள் ஓடும்? தனிநபர் ஆயுள் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி.யும் இல்லை என்பதால், முன்பு டேர்ம் பிரீமியத்தோடு சேர்ந்து வந்த 18 சதவீதமும் போய்விட்டது. டேர்ம் என்று முடிவு செய்துவிட்டேன்.

இனி எதை எழுதிக் கையெழுத்துப் போடுவது என்பதுதான் பாக்கி. பாலிசி எடுப்பவர்கள் பிரீமியத்தை நாலு இடத்தில் விசாரிக்கிறார்கள், படிவத்தை முகவரிடம் கொடுத்து நிரப்பச் சொல்லிவிடுகிறார்கள். எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அந்தப் படிவம்தான் பாலிசி. அதில் குடும்ப வரலாறு என்று ஒரு கட்டம் வரும். தந்தை, தாய், உடன்பிறந்தோர் என்று வரிசையாக இருக்கும். உயிரோடு இருந்தால் வயதும் உடல்நிலையும், இறந்திருந்தால் இறந்த வயதும் காரணமும் எழுத வேண்டும். முதலில் வந்த முகவர் அந்த இடத்தில் பேனாவை நிறுத்தினார். “அண்ணே, அப்பா வயதாகி இறந்துவிட்டார் என்று போட்டுவிடலாம். மூன்று வருடம் தாண்டிவிட்டால் யாரும் எதுவும் கேட்க முடியாது” என்றார். நல்ல மனிதர், எனக்கு உதவுவதாகத்தான் நினைத்தார். அவரை அத்தோடு அனுப்பிவிட்டேன்.

அவர் சொன்ன மூன்று வருடம் சட்டத்தில் இருக்கிறது. 1938-ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு, 2015-இல் திருத்தப்பட்டபடி, பாலிசி தொடங்கி மூன்று ஆண்டுகள் கடந்தபின் எந்தக் காரணத்துக்காகவும் அதைக் கேள்விக்கு உட்படுத்தக் கூடாது என்கிறது. இதுவரைக்கும் எல்லோருக்கும் தெரியும். அந்த மூன்று ஆண்டுகளுக்குள் என்ன நடக்கும் என்பதை யாரும் சொல்வதில்லை. முக்கியமான ஒரு தகவல் தவறு என்று கண்டுபிடித்தால் கம்பெனி கிளெய்மை மறுக்கலாம். கட்டிய பிரீமியத்தை மட்டும் திருப்பித் தரும். மோசடி என்றே சொல்லிவிட்டால் அதுவும் போயிற்று. இதைவிட என்னைக் கலக்கியது இன்னொரு வரி: மோசடி என்று குற்றம் சாட்டப்படும்போது பாலிசிதாரர் உயிரோடு இல்லை என்றால், அது மோசடி இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு பணம் பெற வேண்டியவர்களுடையது. அதாவது நான் எழுதிய பொய்க்கு என் மனைவி வக்கீல் வைத்துப் பதில் சொல்ல வேண்டும். அப்பாவின் மருத்துவக் கோப்பு முழுவதும் நோயின் பெயரோடு எங்கள் பீரோவிலேயே இருக்கிறது. இதற்கு எந்தப் பதிலை அவள் சொல்வாள்?

இந்த நோய் மெதுவாக வளர்வதால் மூன்று ஆண்டுகளைத் தாண்டிவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்களும் உண்டு. இந்த நோய் உள்ளவர்களுக்கு மூளையின் இரத்தக் குழாய் வீங்கி வெடிக்கும் அபாயம் மற்றவர்களைவிட அதிகம். அது ஆண்டுக்கணக்கு பார்த்து வருவதில்லை.

ஆகவே நான் எழுதினேன்: தந்தை, 57, பரம்பரை நீர்க்கட்டி நோயால் சிறுநீரகச் செயலிழப்பு. இரத்தம், சிறுநீர், இ.சி.ஜி. எல்லாம் எடுத்தார்கள். பிறகு கம்பெனியின் மருத்துவர் தொலைபேசியில் பேசினார்; அழைப்பு பதிவாகிறது என்று சொல்லிவிட்டே ஆரம்பித்தார். உங்களுக்கு ஸ்கேன் எடுத்ததுண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். எடுக்கச் சொல்லியிருந்தால் எடுத்திருப்பேன், அவர்கள் கேட்கவில்லை. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று இரத்தத்தில் காட்டும் கிரியாட்டினின் அளவும் இரத்த அழுத்தமும் எனக்குச் சரியாக இருந்ததால், பிரீமியத்தைக் கால் பங்கு கூட்டி, தீவிர நோய்க்கான ரைடரை (பாலிசியோடு சேர்க்கும் கூடுதல் பாதுகாப்பை) மட்டும் மறுத்து, பாலிசியைக் கொடுத்தார்கள். அந்தக் கூடுதல் தொகையை நான் வருத்தத்தோடு கட்டவில்லை. ஆபத்தைத் தெரிந்துகொண்டு விலை போட்டிருக்கிறார்கள். நாளைக்குத் தெரியாது என்று சொல்ல அவர்களுக்கு வழியில்லை.

பாலிசி கைக்கு வந்தபின் ஸ்கேன் எடுத்தேன். கட்டிகள் இருக்கின்றன. கேட்ட நாளில் தெரிந்ததைச் சொல்வதும், படிவம் கொடுத்த நாளிலிருந்து பாலிசி ஏற்கப்படும் நாள் வரை உடல்நிலையில் மாற்றம் ஏதும் தெரியவந்தால் அதைச் சொல்வதும்தான் நம் கடமை. அதற்குப் பிறகு தெரிவது அந்தப் பாலிசியைப் பாதிக்காது.

ஆனால் பாலிசியைக் காலாவதியாக விட்டால் எல்லாம் மாறிவிடும். புதுப்பிக்கும்போது உடல்நிலை பற்றி மறுபடி எழுதிக் கொடுக்க வேண்டும், இந்த முறை ஸ்கேன் முடிவோடு. மூன்று ஆண்டுக் கணக்கும் புதுப்பித்த நாளிலிருந்து மறுபடி தொடங்கும். மாதத் தவணைக்குச் சலுகைக் காலம் 15 நாள், ஆண்டுத் தவணைக்கு 30 நாள். கடைக்காரர்களின் வங்கிக் கணக்கு மாதக் கடைசியில் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் ஆண்டுத் தவணையாக, பொங்கல் வியாபாரம் முடிந்து கையில் பணம் நிற்கும் தை மாதத்தில் கட்டும்படி வைத்துக்கொண்டேன். நம் குடும்பங்களில் யாரிடமாவது பழைய பாலிசி ஒன்று உயிரோடு இருந்தால், அது எவ்வளவு சின்னத் தொகையாக இருந்தாலும் கைவிடாதீர்கள். இனி அதே நிபந்தனையில் இன்னொன்று கிடைக்காது.

தம்பியின் வழியும் தவறில்லை. கப்பலூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். இரத்த அழுத்தம் ஏறியிருப்பதைப் பார்த்த மருத்துவர் உடனே ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அப்படிச் சொன்ன பிறகு பாலிசிக்காக ஸ்கேனைத் தள்ளிப்போடுவதில் பொருளில்லை. இரத்த அழுத்தத்தைச் சீக்கிரம் கட்டுக்குள் கொண்டுவருவதுதான் இந்த நோயில் சிறுநீரகத்துக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி. மேலும், மருத்துவர் பரிசோதனை எதையாவது எடுக்கச் சொல்லியிருக்கிறாரா, முடிவுக்குக் காத்திருக்கிறீர்களா என்று படிவத்திலேயே கேட்கிறார்கள். அவனைப் பொறுத்தவரை முன்வாசல் ஏற்கெனவே சாத்தியிருந்தது. முடிவு வந்தபின் விண்ணப்பித்தான். இப்போதைக்குத் தர இயலாது என்று கடிதம் வந்தது. அடுத்த கம்பெனியின் படிவத்தில், உங்கள் விண்ணப்பம் எங்காவது மறுக்கப்பட்டதா, ஒத்திவைக்கப்பட்டதா என்ற கேள்விக்கும் ஆம் என்றே எழுத வேண்டியிருக்கும்.

அவனுக்குக் கைகொடுப்பவை உடல் பரிசோதனை கேட்காத காப்பீடுகள். வருங்கால வைப்பு நிதியோடு சேர்ந்த இ.டி.எல்.ஐ. திட்டத்தில், பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை கிடைக்கும். கம்பெனி எடுத்திருக்கும் குழுக் காப்பீடு தனி. வங்கிக் கணக்கு வழியாகச் சேரும் பிரதமரின் ஜீவன் ஜோதி பீமாவில் ஆண்டுக்கு 436 ரூபாய்க்கு 2 லட்சம். 18 முதல் 50 வயதுக்குள் சேரலாம், 55 வரை தொடரலாம், புதிதாகச் சேர்ந்த முதல் 30 நாளில் விபத்து மரணத்துக்கு மட்டுமே பணம். எல்லாம் கூட்டினாலும் என் பாலிசிக்கு அருகில் வராது. இ.டி.எல்.ஐ.யும் குழுக் காப்பீடும் வேலையை விட்ட நாளோடு நின்றும்விடும். ஆகவே அவன் இப்போது வேலை மாற நினைத்தால் சம்பளத்தோடு புதிய இடத்தின் குழுக் காப்பீட்டுத் தொகையையும் கேட்டுப் பார்க்க வேண்டும். சில ஆண்டுகள் அழுத்தமும் கிரியாட்டினினும் நிலையாக இருந்தால் கூடுதல் பிரீமியத்தில் தனிப் பாலிசி கிடைக்கக்கூடும் என்கிறார்கள். எங்கள் வீட்டில் இன்னும் யாரும் அதை முயன்று பார்க்கவில்லை.

கடன் வாங்கித் தொழில் செய்கிறவர்களுக்கு இன்னொன்று. 1874-ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் பாலிசியை எடுத்தால், அந்தப் பணம் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மட்டுமே உரியது. கடன் கொடுத்தவர்கள் அதில் கைவைக்க முடியாது. பணம் பெறுகிறவர்களின் பெயரைப் பின்னால் மாற்ற முடியாது என்பதால் யோசித்து எழுத வேண்டும். பாலிசி எடுக்கும்போதே அதற்கான படிவத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும். முகவர் எடுத்துக் கொடுக்காவிட்டால் நீங்களே கேட்டு வாங்குங்கள்.