டி டிராமில் போன தையல் மெஷினும் கேல் நுகர்வோர் மையமும்

பிரான்சின் ஸ்ட்ராஸ்பூரில் இருக்கும் நம்மவர்கள் பலரும் சனிக்கிழமையானால் டி வழித்தட டிராம் ஏறி ரைன் ஆற்றைத் தாண்டி ஜெர்மனியின் கேலுக்குப் போய்விடுவோம். பற்பசை, ஷாம்பு, சோப்புத் தூள் எல்லாம் அங்கே விலை குறைவு. 2017 ஏப்ரலில் டிராம் பாலம் திறந்த பிறகு ஜெர்மனி எங்களுக்குப் பக்கத்துத் தெரு மாதிரி. எல்லைக்கோடு ஆற்றின் நடுவில் ஓடுகிறது, கண்ணுக்குத் தெரியாது. வாங்கிய பொருள் பழுதானால்தான் தெரியவரும். அப்படி எனக்குத் தெரியவந்தபோது கைகொடுத்த அலுவலகத்தைப் பற்றி இங்கே எழுதுகிறேன்.

2023 அக்டோபரில், கேலைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு ஊரில், 349 யூரோவுக்குத் தையல் மெஷின் வாங்கினேன். கடையின் பெயர் வேண்டாம். பேத்திக்குப் பாவாடை சட்டை, வீட்டுத் திரைச்சீலை, எனக்கு ரவிக்கை என்று நன்றாகத்தான் ஓடியது. 2025 பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது பட்டுப் பாவாடைக்கு ஓரம் மடித்து அடித்தேன். தையல் தாவ ஆரம்பித்தது. ஊசியை மாற்றினேன், நூலை மாற்றினேன், பாபினைக் கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டேன். அடியில் நூல் கூடு கட்டிக்கொண்டே இருந்தது. ஊசி இறங்கும் நேரத்துக்குக் கொக்கி வந்து நூலைப் பிடிக்கவில்லை. அந்தப் பாவாடையைக் கையால்தான் தைத்து முடித்தேன்.

பொங்கல் கழிந்ததும் மெஷினை டிராலியில் வைத்துக் கட்டி டிராமில் ஏறினேன். 2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் தரை எல்லை எல்லாவற்றிலும் சோதனை வைத்திருக்கிறது அல்லவா, பாலத்தைத் தாண்டியதும் போலீஸ் ஏறி அடையாள அட்டை கேட்டார்கள். காட்டினேன், போகச் சொன்னார்கள். கடைக்காரர் மெஷினைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "ஒரு வருஷ காரண்டி முடிஞ்சுபோச்சு மதாம், கம்பெனிக்கு எழுதிக்கேளுங்க" என்றார். பதினைந்து மாதம் ஆகியிருந்ததால் எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

மருமகள்தான் கேலில் நுகர்வோர் மையம் இருப்பதைச் சொன்னாள். ரயிலடிச் சதுக்கத்தில், டிராம் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்களுக்கான ஐரோப்பிய நுகர்வோர் மையமும் ஜெர்மானியர்களுக்கானதும் ஒரே கூரையின் கீழ் இயங்குகின்றன. ஒரு பைசா வாங்குவதில்லை. முதலில் இணையப் படிவத்தை நிரப்பி அனுப்பினேன், அப்புறம் நேரம் வாங்கிக்கொண்டு நேரில் போனேன்.

என் கோப்பைப் பார்த்த சட்ட ஆலோசகர் ஓர் இளம்பெண். முதல் கேள்வியே என்னைத் திகைக்க வைத்தது. "இந்த மெஷினில் தைத்துச் சம்பாதிக்கிறீர்களா?" இல்லை, வீட்டுக்குத்தான் என்றேன். சம்பாதிப்பதாக இருந்தால் நான் நுகர்வோர் கணக்கில் வரமாட்டேன், தொழில் செய்கிறவர் ஆகிவிடுவேன், இந்தச் சட்டம் எதுவும் எனக்கு உதவாது என்று விளக்கினார். அக்கம்பக்கத்துக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்துக் காசு வாங்கும் தோழிகள் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அடுத்துச் சொன்னதுதான் முக்கியம். கடைக்காரர் தன் விருப்பத்துக்குத் தரும் காரண்டி வேறு, சட்டம் தரும் காரண்டி வேறு. சட்டக் காரண்டி ஐரோப்பிய ஒன்றியம் முழுக்கக் குறைந்தது இரண்டு வருஷம். பொறுப்பு விற்றவருடையது, கம்பெனியைக் கைகாட்டி அவர் ஒதுங்க முடியாது. ஆனால் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. குறை வாங்கும்போதே இருந்தது என்று யார் நிரூபிப்பது? 2019இல் வந்த ஒன்றியச் சட்டவிதிப்படி முதல் ஒரு வருஷம் அந்தச் சுமை கடைக்காரருக்கு. விரும்பும் நாடு அதை இரண்டாக்கிக்கொள்ளலாம். ஜெர்மனி ஒன்றோடு நிறுத்திக்கொண்டது. பிரான்ஸ், புதுப் பொருளுக்கு இரண்டு வருஷம் வைத்தது. என் மெஷினோ பதினைந்தாவது மாதத்தில் நிற்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சட்டமென்றால் நான் நிரூபிக்க வேண்டும், இந்தப் பக்கத்துச் சட்டமென்றால் அவர்.

எந்தப் பக்கம்? "அந்தக் கடை பிரான்சில் இருப்பவர்களையும் வாடிக்கையாளராகத் தேடுகிறதா? அதற்கு ஏதாவது அடையாளம் இருக்கிறதா?" என்று கேட்டார். பட்டன் டப்பாவில் பில்லோடு மடித்து வைத்திருந்த துண்டுப் பிரசுரத்தை எடுத்துக் கொடுத்தேன். மஞ்சள் தாள். ஒரு பக்கம் ஜெர்மன், மறுபக்கம் பிரெஞ்சு. ஸ்ட்ராஸ்பூருக்கு டெலிவரி உண்டு என்று ஒரு வரி, அடியில் பிரான்சின் குறியீடான +33இல் தொடங்கும் போன் நம்பர். அவர் பென்சிலை எடுத்து அந்த +33க்கு அடியில் கோடு போட்டார். இது போதும் என்றார். எல்லைக்கு அப்பால் இருக்கும் வாடிக்கையாளரை நோக்கி வியாபாரம் செய்தால், அந்த வாடிக்கையாளர் வாழும் நாட்டுச் சட்டம் அவருக்குத் தரும் பாதுகாப்பைக் கடைக்காரர் தட்டிப் பறிக்க முடியாதாம்.

இதைப் போன்ற ஒரு வழக்கையும் சொன்னார். ஜெர்மன் எல்லையை ஒட்டிய பிரெஞ்சுக் கிராமமான ஸ்பிஷ்ரனில் ஒருவர் பழைய கார் விற்கிறார். ஜெர்மனியின் சார்ப்ரூக்கனிலிருந்து வந்த ஒருவர் வாங்குகிறார். விற்றவரின் இணையதளத்தில் ஜெர்மன் மொபைல் நம்பரும் இருந்தது, ஆனால் வாங்கியவர் அதைப் பார்த்து வரவில்லை, தெரிந்தவர்கள் சொல்லி வந்தார். பிறகு தகராறு. தன் நாட்டிலேயே அவர் வழக்குப் போடலாமா என்பது கேள்வி. இணையதளத்தைப் பார்த்துத்தான் வந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று லக்சம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றம் 2013இல் தீர்ப்புச் சொன்னது. டிராம் ஏறிச் சாமான் வாங்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அது எவ்வளவு பெரிய துணை!

மையத்திலிருந்து கடைக்கு ஜெர்மன் மொழியில் கடிதம் போனது. கடை முதல் கடிதத்துக்கு வாய் திறக்கவில்லை, இரண்டாவதுக்கு இறங்கி வந்தது. மறுபடி தூக்கிக்கொண்டு போக நான் தயாராக இருந்தேன். வேண்டாம், போக்குவரத்துச் செலவும் விற்றவருடையதுதான் என்று ஆலோசகர் தடுத்துவிட்டார். கூரியர்காரர் வாசலில் வந்து எடுத்துப் போனார். மூன்று வாரத்தில் கொக்கிப் பகுதி முழுதும் புதிதாக மாற்றப்பட்டு மெஷின் வந்து சேர்ந்தது.

ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். ஆனால் இது நீதிமன்றம் இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். கடைக்காரர் பிடிவாதமாக மறுத்தால் இவர்களால் கட்டாயப்படுத்த முடியாது. அப்போது 5000 யூரோ வரையிலான வழக்குகளுக்கென்று இருக்கும் ஐரோப்பியச் சிறு வழக்கு முறைதான் வழி. பிரான்சில் இருந்துகொண்டு பிரான்சிலேயே வாங்கியதற்கும் இங்கே வர முடியாது.

இப்படிப்பட்ட நுகர்வோர் மையங்களின் வலைப்பின்னல் இருப்பது ஒன்றிய நாடுகள் 27, கூட நார்வே, ஐஸ்லாந்து, எல்லை அவ்வளவுதான். லண்டன் கடைகளில் புடவை வரவழைப்பவர்களுக்கு இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பிரிட்டன் விலகிய பிறகு அங்கே இந்த வலைப்பின்னலின் மையம் கிடையாது. 2021 ஜனவரியிலிருந்து பார்சலுக்கு இங்கே வாட் வரியும் உண்டு. பிரிட்டனோடு சுங்கவரி இல்லாத ஒப்பந்தம் இருக்கிறதே என்று கேட்பார்கள். அது பிரிட்டனிலோ ஒன்றியத்திலோ உருவான பொருளுக்குத்தான், காஞ்சிபுரத்தில் நெய்த புடவைக்கு இல்லை.

போகும்போது பில், கடைக்கு நீங்கள் எழுதிய கடிதத்தின் நகல், கடையின் விளம்பரத் தாள் மூன்றையும் கொண்டுபோங்கள். பில்லின் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும், வாங்கிய அன்றே நகல் எடுத்துவிடுங்கள். சட்டக் காரண்டியில் பழுது பார்த்தால் பிரெஞ்சுச் சட்டம் இன்னும் ஆறு மாதம் கூட்டித் தருகிறது. 2025 அக்டோபரில் முடிய வேண்டிய என் மெஷினுக்கு 2026 ஏப்ரல் வரை என்று ஆலோசகர் எழுதிக்கொடுத்த சீட்டு, அந்த மஞ்சள் தாளோடு பட்டன் டப்பாவில் இருக்கிறது.